ஐந்தரை சென்டிமீட்டர் காமராஜர்

தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு மனிதன். வரலாற்று மனிதர்களைச் சிறு உருவமாக வார்த்து ஆயில் பெயின்ட்டில் தீட்டுகிறவர்களின் உலகத்தில் நெடுங்காலம் கோலோச்சிய அளவு இதுதான்: 54 மில்லிமீட்டர். சராசரி உயரமுள்ள ஓர் ஆளை முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் இந்த உயரம் வரும். அதில் தலை ஏழு மில்லிமீட்டர் சொச்சம். கண் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தக் கண்ணில் கருவிழியும் மேலிமையின் நிழலும் பார்க்கும் திசையும் தெரிய வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

இந்த அளவு விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. சிவகாசி, சாத்தூர், பக்கத்துக் கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டிகளின் லேபிள்கள் பல தலைமுறையாக இதே இடத்துக்குள் சாமிகளையும் ராஜாக்களையும் தலைவர்களையும் புலிகளையும் அடக்கி வந்திருக்கின்றன. அந்தத் துண்டுக் காகிதத்தில் முகம் பிடிபட வேண்டும், பெட்டிக்கடைத் தட்டில் பத்தடி தள்ளியும் தெரிய வேண்டும். மேலைநாட்டு ஓய்வுநேரக் கலை ஒன்றும் கந்தகபூமியின் பிழைப்புக் கலை ஒன்றும் ஒரே அளவில் வேலை செய்திருக்கின்றன. அப்படியிருந்தும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. எங்கே பிரிந்தன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் அந்தப் பக்கத்துக் கதை. லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தின் கம்பெனி 1893-இல் உள்ளே குடைவாக வார்த்த ஈய வீரர்களை விற்கத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. 54 மி.மீ. என்ற அளவு நிலைபெற்றதில் அந்தப் பொம்மைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை பளபளவென்று எனாமல் பூசியவை. கன்னத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு, கண்ணுக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான். குழந்தைகள் வளர்ந்தார்கள், பொம்மைகளை விட மனம் வரவில்லை. 1935-இல் பிரிட்டனில் மாடல் சோல்ஜர் சொசைட்டி பிறந்தது. சீருடையில் பொத்தான் எத்தனை, மடிப்புக்கு என்ன நிறம் என்று ஆவணங்களைத் தேடிப்போகும் ஒரு கூட்டம் உருவானது. பிற்பாடு அமெரிக்காவில் ஷெப்பர்ட் பெய்ன் போன்றவர்கள் சிறு உருவம் தீட்டுவதைப் புத்தகங்கள் வழியே ஒரு பாடமாகவே ஆக்கினார்கள்.

ஜெர்மனியின் கதை இன்னும் சுவையானது. நூரம்பெர்க் பக்கத்தில் வெள்ளீயத்தை ஸ்லேட் அச்சில் ஊற்றித் தட்டை உருவங்கள் வார்த்தார்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்; ஏறக்குறைய 30 மி.மீ. உயரம். மேடு பள்ளம் பேருக்குத்தான் இருக்கும். குதிரையின் வயிறு உருண்டிருப்பதும் சட்டை காற்றில் உப்பியிருப்பதும் முழுக்க முழுக்க வண்ணத்தின் வேலை. குல்ம்பாக் ஊரின் கோட்டையில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சிவகாசி லேபிள் ஓவியர் யாரையாவது அங்கே கொண்டுபோய் விட்டால் ஊருக்கு வந்த மாதிரியே இருந்திருக்கும்: தட்டையான பரப்பில், கட்டைவிரல் அகலத்தில், ஓர் உடம்பை உருட்டிக்காட்டும் வேலை.

முப்பரிமாண உருவத்துக்கு எதற்கு நிழல் தீட்ட வேண்டும், வெளிச்சம் தானாக விழுமே என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். 54 மி.மீ. உருவத்தை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, தெருவில் பதினாறு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைப் பார்ப்பதற்குச் சமம். தெருவில் நிற்பவர் மேல் விழும் வெயில் மூக்கின் கீழே, முகவாயின் கீழே, வேட்டி மடிப்புக்குள்ளே அழுத்தமான நிழலை உண்டாக்கும். மேசைமேல் நிற்கும் குட்டி உருவத்தின் மடிப்பு அரை மில்லிமீட்டர் ஆழம்தான். அறையின் டியூப்லைட் வெளிச்சம் அதை நாலாபக்கமும் நிரப்பிவிடும். ஆகவே ஒரே நிறத்தில் பூசிய உருவம் சோப்புக்கட்டி போல மொழுக்கென்று நிற்கும். வெளிச்சம் மேலிருந்து ஒரு பக்கமாக விழுகிறது என்று முதலில் முடிவு செய்து, அந்த வெளிச்சத்தையே வண்ணமாகத் தீட்டியாக வேண்டும். அதே பதினாறு மீட்டர்க் கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. அந்தத் தூரத்தில் சட்டைப் பொத்தானின் நூல் தெரியாது, சுத்தமான கறுப்பும் சுத்தமான வெள்ளையும் தெரியாது. எல்லாம் கொஞ்சம் சாம்பல் ஓடி, கொஞ்சம் வெளுத்துத் தெரியும். எதை விடுவது என்று தெரியாதவர் எல்லாவற்றையும் தீட்டி உருவத்தைக் கெடுப்பார்.

இந்த வேலைக்கு ஆயில் பெயின்ட் ஏன்? அது சீக்கிரம் காயாது, அதனால்தான். நிழல் நிறத்தையும் வெளிச்ச நிறத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஈரமில்லாத சுத்தமான பிரஷ்ஷால் இடையே மெல்ல ஒத்தி எடுத்தால் எல்லைக்கோடு கரைந்து ஒன்று மற்றொன்றாக மாறும். பிடிக்கவில்லையென்றால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அக்ரிலிக்கில் இது கடினம். அதிலும் சித்திரை வைகாசியில் சிவகாசியில் உட்கார்ந்து அக்ரிலிக் தீட்டினால், தட்டில் இருக்கும் வண்ணம் இருக்கட்டும், பிரஷ் நுனியில் இருப்பதே உருவத்தைத் தொடுமுன் காய்ந்துவிடும். மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத கரிசல் பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்பிடித்தன. அதே வறட்சி, நீரில் குழைக்கும் வண்ணத்துக்கு எதிரி. எண்ணெயில் குழைத்த வண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது.

எண்ணெய் என்றதும் விருதுநகரை விட்டுவிட முடியாது. பருப்பு, மல்லி, மிளகாய் வற்றல், நல்லெண்ணெய்க்கு 'விருதுநகர் மார்க்கெட்' விலை என்று பத்திரிகைகள் தனியாகப் போடும் ஊர். ஆனால் அந்த ஊரின் பேர்பெற்ற எண்ணெய் ஓவியத்துக்கு உதவாது. நல்லெண்ணெய் காற்றில் பட்டு முழுதாகக் காய்ந்து படலமாவதில்லை. பிசுபிசுப்போடு அப்படியே நிற்கும். ஓவியருக்கு வேண்டியது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. சிவகாசிக்கு இது அந்நியச் சரக்கும் அல்ல: லித்தோ அச்சு மையின் அடிப்படையே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்தான். கோடிக்கணக்கான காலண்டர்களும் லேபிள்களும் காய்ந்து கைக்கு வந்தது இதே வேதிவினையால்.

அந்த வினை வெப்பத்தை வெளியிடும் என்பதையும் இந்த ஊரில் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் உள்ளே சூடு சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியை விரித்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடிவைக்க வேண்டும். பட்டாசு மருந்துக் கட்டடத்தில் உராய்வுக்கும் சூட்டுக்கும் பயந்து வேலை செய்யும் ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

இனி, பொறுமை. இந்தக் கலையைப் பற்றி எழுதும் எல்லோரும் பொறுமையைப் புகழ்ந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். கொஞ்சம் மிகையான புகழ்ச்சி. பிரஷ் கையில் இருக்கும் நேரம் அப்படியொன்றும் அதிகமில்லை. முகத்தை ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே நிறங்களைக் கலக்க வேண்டும் என்பதால். பொறுமை தேவைப்படுவது அதன் பிறகு, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு. பர்ன்ட் அம்பர், ரா அம்பர் போன்ற மண் நிறங்களில் மாங்கனீசு இருப்பதால் அவை சீக்கிரம் காயும். ஐவரி பிளாக், காட்மியம் சிவப்பு, டைட்டேனியம் வெள்ளை எல்லாம் நாட்கணக்கில் ஈரமாகவே நிற்கும். ஒரே முகத்தில் நிழல் காய்ந்து வெளிச்சம் ஈரமாக இருக்கும் நிலைமை வரும். அந்த நேரத்தில் 'ஒரே ஒரு தொடு' என்று பிரஷ்ஷை வைத்தால் கீழ்ப்பூச்சு உரிந்து வரும்.

அனுபவசாலிகள் இதற்குச் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். டியூபிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைச் சில மணிநேரம் அட்டைத்துண்டின் மேல் வைத்தால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். வண்ணம் சீக்கிரம் காயும், தேவையில்லாத மினுக்கமும் குறையும். அடியில் அக்ரிலிக்கில் நிறத்தை நிரப்பிவிட்டு, அதன்மேல் ஆயிலை அடிநிறம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இழுத்தால் போதும். குண்டு பல்பு மாட்டிய மரப்பெட்டிக்குள் உருவத்தை ஓரிரவு வைப்பதும் உண்டு. விருதுநகர்க் கோடையில் அந்தப் பெட்டிக்குப் பல்பு தேவையா என்பது வேறு விஷயம். பிரஷ் விஷயத்திலும் புதியவர்கள் தவறான பக்கம் போவார்கள். சின்ன உருவத்துக்குச் சின்ன பிரஷ் என்று மூன்று பூஜ்யம் போட்டதை வாங்குவார்கள். அதில் வண்ணம் நிற்காது, கண்ணுக்குப் போவதற்குள் நுனி காய்ந்துவிடும். வயிறு பருத்து நுனி ஊசியாக இருக்கும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் சேபிள் பிரஷ்தான் கண்ணையும் தீட்டும், வேட்டிக் கரையையும் தீட்டும்.

சிவகாசிப் பக்கத்துப் பொறுமை வேறு வகை. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு அதற்குத் தீனியாகக் காலண்டர் வந்தது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று கால்களில் ஊர் நின்றது இப்படித்தான். லித்தோ காலத்தில் படத்தைப் பிரிக்க கேமரா கிடையாது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் லித்தோ தொழிலுக்குப் பேர்பெற்றது. அப்படிப்பட்ட கல்லில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று வைத்து, மூல ஓவியத்தில் மஞ்சள் எங்கே எவ்வளவு, சிவப்பு எங்கே எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்து, புள்ளி புள்ளியாகக் கையால் வைப்பார்கள். கன்னத்தில் வெளிச்சம் மங்குமிடத்தில் புள்ளிகள் அடரும், ஏறுமிடத்தில் கலையும். அதுவும் இடவலம் மாற்றி. பேர் வெளியே தெரியாத அந்தக் கைகள் செய்ததற்குப் பக்கத்தில், 54 மி.மீ. வீரனின் சட்டை மடிப்பு அவ்வளவு பெரிய சவாலாகத் தெரியாது.

பேர் தெரிந்தவர்களில் முதல்வர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப்பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே ஊர் ஊராகப் போனவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கி, புகைப்பட ஸ்டுடியோ வேலையோடு ஓவியத்தையும் நடத்தினார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர் பரம்பரையே உருவானது. குருவும் சீடரும் சேர்ந்து ஒரே படத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுடைய மூல ஓவியங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் கொண்டைய ராஜுவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு அவர் ஆராய்ந்தது தமிழ்நாட்டு வேளார்களை, அதாவது அய்யனார் குதிரையும் மண்சாமியும் செய்கிறவர்களை. மண்ணுருவத்திலிருந்து காலண்டர்ப் படத்துக்கு அவர் வந்த பாதை தற்செயலானதாகத் தெரியவில்லை.

கோவில்பட்டிக்காரர்களின் பயிற்சியை அலசினால், சிறு உருவம் தீட்டுகிறவருக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கின்றன. திரைச்சீலை தொலைவிலிருந்து எப்படித் தெரியும் என்று கற்றுக்கொடுத்தது. போட்டோ ஸ்டுடியோ, நெகட்டிவின் மேலும் பிரிண்டின் மேலும் மயிரிழை பிரஷ்ஷால் முகத்தைத் திருத்தவும் நிறமேற்றவும் கற்றுக்கொடுத்தது. ஆயிலில் உடம்பை உருட்டிக்காட்டுவதற்கு ரவிவர்மா முன்னோடியாக இருந்தார். 1894-இல் அவர் பம்பாய் அருகே தொடங்கிய அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் பரவியிருந்தன. இருந்தும் இவர்கள் கை போன திசை வேறு. காலண்டர்ப் படத்தில் வெளிச்சத்துக்குத் திசை கிடையாது. முருகனின் கன்னத்தில் இரு பக்கமும் ஒளி. மயிலின் கழுத்திலும் ஒளி. பின்னாலிருக்கும் மலையிலும் ஒளி. பூஜைக்கு வைக்கும் முகத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் வீட்டுக்காரர் வாங்கமாட்டார். கெட்டியான நிழல் அச்சில் சேறாகவும் மாறிவிடும். சாமிக்கு இது பொருத்தம்தான். வரலாற்று மனிதனையும் அதே வெளிச்சத்தில் நிறுத்தியபோதுதான் சிக்கல் வந்தது. அவனும் முப்பது வயதுக்கு மேல் போகாத, வியர்க்காத, வெயில் படாத ஆளாக மாறிப்போனான்.

வீரபாண்டிய கட்டபொம்மனை எடுத்துக்கொள்வோம். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர். கோவில்பட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். இன்று ஊர் முழுக்க இருக்கும் கட்டபொம்மனின் மீசையும் நிற்கும் தோரணையும் 1959-இல் வந்த பி.ஆர். பந்துலு படத்தின் சிவாஜி கணேசனுடையவை. கயத்தாற்றில் சிலை வைத்தவரும் சிவாஜிதான். காலண்டருக்கு இதனால் நஷ்டமில்லை. சிறு உருவக்காரருக்கு இது பெரிய இடைஞ்சல். அவர் கேட்கும் கேள்வியே 'அன்றைக்கு அவர் உண்மையில் என்ன உடுத்தியிருந்தார்' என்பது.

சான்றுகள் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கின்றன. மருது சகோதரர்களோடு பழகி, பின்பு அவர்களை எதிர்த்தே போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1830-இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் சின்ன மருதுவிடம் ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்றதை எழுதியிருக்கிறார். அந்த வளரியைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் புதுக்கோட்டையிலும் நேரில் பார்க்கலாம். படங்களில் வரும் அரிவாள் மாதிரி வளரிக்கும் அதற்கும் ஒற்றுமை குறைவு. எதிர்ப்பக்கத்துக் கம்பெனிச் சிப்பாய்க்கு ஆவணம் இன்னும் அதிகம்: சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக்கால் சட்டை, கீழே வெறுங்கால். பட்டாளத்துக்குப் பட்டாளம் கழுத்துப்பட்டியின் நிறம் மாறும். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய சீருடைகளும் பதக்கங்களும் இருக்கின்றன.

தலைப்பாகை விஷயத்தில் கவனக்குறைவுக்கே இடமில்லை. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணமே, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறியையும் தாடியையும் தடைசெய்த ஆணையும்தான். வேலூர்ச் சிப்பாயைத் தீட்டுகிறவர் தலைக்கு எதை வைக்கிறார் என்பது அந்தச் சிப்பாய் எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதைச் சொல்லிவிடும். நெற்றியில் நாமம் இட்டால் அது அலங்காரமாக நிற்காது, குற்றச்சாட்டாகவே ஆகிவிடும்.

இன்னும் பின்னால் போனால் கல்லே சாட்சி. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரை வரிசையாக நிற்கிறார்கள். திருமலை நாயக்கரின் தொந்தி, இடுப்புக் கச்சையின் மடிப்பு, குத்துவாளைச் செருகிய விதம் எல்லாவற்றையும் சுற்றிவந்து பார்க்கலாம். ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத் தந்த உருவங்கள் இருக்கின்றன: ராஜாவும் ராணியும், கையடக்கமாக. வரலாற்று மனிதனைச் சிறிதாகச் செய்து பார்க்கும் ஆசை இங்கே பதினேழாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. சோழர் உடைக்கு, 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் கண்டெடுத்த சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றில் மேலாடையில்லாத உடம்புகள்தான் அதிகம்; சினிமா சோழர்களின் தோல் கவசங்களுக்கு அங்கே இடம் கிடைக்காது.

அண்மைக் காலத்துக்கு வந்தால் சான்றுக்குப் பஞ்சமே இல்லை, சிரமம் முழுக்க வண்ணத்தில்தான். விருதுநகர்க்காரர் ஒருவர் எம்-சீல் பசையைக் கம்பிமேல் அப்பி, 54 மி.மீ. உயரத்தில் ஒரு காமராஜரைச் செதுக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கறுத்த மேனி, வெள்ளைக் கதர்ச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. எளிமை என்று ஊர் கொண்டாடும் அந்தத் தோற்றம், தீட்டுகிறவருக்கு இருப்பதிலேயே கடினமான பரீட்சை.

முதலில் மேனி. மேலைநாட்டுக் கையேடுகள் 'தோல் நிறம்' என்று தரும் கலவை வெள்ளையில் தொடங்கும். காமராஜருக்கு அதைக் கறுப்பைச் சேர்த்து இருட்டாக்கினால் முகம் தார் பூசியது போலாகும். அடிக்கலவை பர்ன்ட் சியன்னாவும் பர்ன்ட் அம்பரும், கொஞ்சம் யெல்லோ ஆக்கரும். நிழலுக்கு அம்பரோடு அல்ட்ராமரின் நீலம். கன்னத்தின் கீழும் காது மடலின் உள்ளேயும் துளி அலிசரின் சிவப்பு. வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்க்கும் கை அங்கேயே நிற்க வேண்டும்: பழுப்பு மேனியில் வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்துவிடும். ஆக்கரும் ஆரஞ்சும் கலந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். கறுத்த மேனியில் மினுக்கம் சிறிதாகவும் கூர்மையாகவும் விழும், லேசாக நீலம் ஓடும். வானத்தின் நிறம் அதில் தெரிகிறது. அகன்ற நெற்றி மேட்டில் ஒன்று, மூக்குத் தண்டில் ஒன்று, கீழுதட்டில் ஒரு துளி. அதற்கு மேல் வைத்தால் மேனி ஈரமாகத் தெரியும்.

பிறகு மூன்று வெள்ளைகள். மூன்றையும் ஒரே வெள்ளையில் பூசினால் சட்டை எங்கே முடிந்தது, துண்டு எங்கே தொடங்கியது என்று தெரியாது. சட்டைக்கு ரா அம்பரும் ஆக்கரும் துளி சேர்ந்த வெதுவெதுப்பான வெள்ளை. வேட்டிக்கு நீலம் ஓடிய வெள்ளை. கதர் வேட்டிக்குச் சொட்டுநீலம் போட்ட நிறமே அதுதான். துண்டுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று, பரப்பில் நூல் தெரிகிற மாதிரி பிரஷ்ஷைக் குத்திக் குத்தி. தொளதொளத்த அரைக்கைச் சட்டை என்பதால் மடிப்புகள் தோளிலிருந்து நேராகக் கீழே தொங்கும், இடுப்பில் கட்டியது போல ஒடுங்காது. கலக்காத டைட்டேனியம் வெள்ளை மொத்த உருவத்திலும் இரண்டே இடத்தில்: தோள்பட்டையின் மேலே, துண்டின் விளிம்பில். டியூபைத் திறந்து அப்படியே பூசுவதற்கும் இதற்கும் இடையில் குறைந்தது ஒரு வார வேலை இருக்கிறது.

கண்ணை எப்போது வைப்பது என்பதில் ஒரு விந்தை. சிறு உருவக்காரர்கள் பலர் கண்ணிலிருந்துதான் தொடங்குவார்கள். கை நடுங்கிக் கெட்டுவிட்டால் சுற்றிலும் கவலையில்லாமல் திருத்தலாம், முகத்தின் குணமும் முதலிலேயே நிச்சயமாகிவிடும். இங்கே ஸ்தபதிக்கும் வேளாருக்கும் கண் திறப்பு கடைசிச் சடங்கு. அதன் பிறகு உருவம் பொம்மையில்லை, சாமி. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து விளாச்சேரியில் நவராத்திரிக்காகச் செய்யும் கொலு பொம்மைகளிலும் முகமும் கண்ணும் கைதேர்ந்தவர்களின் வேலை. உடம்புக்கு யாரும் வண்ணம் அடிக்கலாம், கண்ணுக்கு எல்லோரையும் விடமாட்டார்கள். கொலுவில் காந்தி, நேரு, பாரதி எல்லோரும் உண்டு. சீசனுக்குள் ஆயிரக்கணக்கில் செய்து முடிக்க வேண்டியிருப்பதால் வண்ணம் ஒரே சமனாக, நிழலில்லாமல் நிற்கிறது. அங்கே குறை கையில் இல்லை, விலையில் இருக்கிறது.

விலையைப் பேசாமல் இந்தப் பகுதியில் பொறுமையைப் பேசுவது கூச்சமான காரியம். நுணுக்கமான கைவேலையை மணிக்கணக்கில் குனிந்து செய்வது இங்கே யாருக்கும் ஓய்வுநேர இன்பமாக இருந்ததில்லை. கட்டையில் தீக்குச்சி அடுக்கியதும் பெட்டிக்கு லேபிள் ஒட்டியதும் பெண்களும் குழந்தைகளும். கூலி எண்ணிக்கைக் கணக்கில். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் 'பொறுமை மனதுக்கு நல்லது' என்று சொன்னால் பாட்டிமார் சிரிப்பார்கள். ஓர் உருவத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குவது, அந்த வாரத்துக்குச் சோறு உறுதியாக இருப்பவரால் ஆகிற காரியம். மேலைநாட்டுக் கையேடுகள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகின்றன.

பொருட்களுக்குத் தட்டுப்பாடு முன்பு இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. கேமல் ஆயில் டியூப் ஸ்டேஷனரிக் கடைகளிலும் கிடைக்கிறது. வெளிநாட்டு உலோக உருவத்துக்குச் சுங்கம் கட்டுவதற்குப் பதிலாக ரெசின் பிரிண்டரில் உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஜரிகைக்கும் வாளுக்கும் சிவகாசியில் ஒரு கூடுதல் வசதி உண்டு: ஐரோப்பிய உருவக்காரர்கள் பொன்னுக்கும் வெள்ளிக்கும் ரொம்பக் காலம் நம்பியிருந்தது அச்சக மையைத்தான். உலோகத் தூள் அவ்வளவு நைசாக அரைபட்ட வண்ணம் வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்குப் பொன்மை போடும் அச்சகத்தில் ஒரு கரண்டி கேட்டால் ஐம்பது கட்டபொம்மன்களின் கங்கணத்துக்குக் காணும். மத்தாப்புக்குப் போகும் அலுமினியப் பொடியும் வெள்ளிப் பெயின்ட்டின் பொடியும் ஒரே இனம் என்பதால் யாராவது புத்திசாலித்தனமாக அந்தப் பக்கம் கைநீட்டக்கூடும். வேண்டாம், மையே போதும்.

தொடங்க நினைப்பவர் காமராஜரில் கைவைக்காமல் இருப்பது நல்லது. மதராஸ் சிப்பாய் ஒருவனை எடுக்கலாம். சிவப்புக் கோட்டு மன்னிக்கும் குணமுள்ளது. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அலிசரினும் அம்பரும் போதும். வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்த்தால் கோட்டு ரோஸ் ஆகிவிடும். ஆரஞ்சைச் சேர்க்க வேண்டும், தோளில் மட்டும் ஆக்கர் துளி. கோவில்பட்டி வழியில் அரக்குப் பட்டுக்கு ஒளி வைத்துப் பழகிய யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வலது பக்கம் வெளிச்சம் என்று முடிவு செய்துவிட்டால், இடது கன்னத்தை அப்படியே இருட்டில் விட்டுவிட வேண்டும்.